டாட் மிஷனில் ஒரு பட்டுப்பாவாடை

ஹூஸ்டனின் புறநகர்களில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தொடக்கத்தில் இரண்டே இடங்கள்தான் நெருக்கமாகின்றன: ஒன்று பியர்லாண்டு மீனாட்சி கோயில், மற்றொன்று வார இறுதித் தமிழ்ப் பள்ளி. மற்றபடி வீடு, கார், கடை என்றே நாட்கள் கழிகின்றன. எதிர்வீட்டாரோடு நின்று பேசுவதற்குக்கூட ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான், சிறு குழந்தைகளோடு புதிதாக வந்து சேர்பவர்கள் யாராக இருந்தாலும், இலையுதிர்காலத்தில் ஒரு நாளை ஒதுக்கி டாட் மிஷனுக்குப் போய்வரும்படி வற்புறுத்துகிறேன்.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, சுமார் 50 மைல் தொலைவில் இருக்கும் மிகச் சிறிய ஊர் அது. அங்கே 1974 முதல் 'டெக்சஸ் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல்' என்ற மறுமலர்ச்சிக் காலத் திருவிழா நடந்துவருகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களின் வார இறுதிகளில், பைன் மரங்களுக்கு நடுவே 16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஊர் ஒன்று உயிர்பெறுகிறது. மரச்சட்டம் போட்ட கடைகள், கோட்டை வாயில், ஊர்வலமாக வரும் அரசரும் அரசியும், கவசம் பூண்ட வீரர்கள் என எல்லாம் உண்டு. பார்வையாளர்களிலும் பலர் அக்கால உடையணிந்தே வருகிறார்கள். இடுப்பில் வாள் செருகி வருபவர்கள் அதை உறையோடு சேர்த்துக் கட்டிய பிறகே உள்ளே விடப்படுகிறார்கள்.

இத்தகைய திருவிழாக்களின் பிறப்பே குழந்தைகளோடு தொடர்புடையது. லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியை சிறுவர்களுக்கு நாடகப் பயிற்சி அளித்துவந்தார். அந்த முயற்சியின் வளர்ச்சியாக அவரும் கணவர் ரான் பேட்டர்சனும் 1963இல் நடத்திய விழாவே அமெரிக்காவில் இவ்வகையின் முன்னோடி. பாடப் புத்தகத்தில் இருக்கும் ஒரு நூற்றாண்டைக் குழந்தைகள் உள்ளே நுழைந்து பார்க்கும்படி செய்துவிட வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நாங்கள் போனபோது ஊரிலிருந்து வந்திருந்த அத்தையும் உடன் வந்தார். அவர் மதுரையில் எடுத்துவந்த பட்டுப்பாவாடையைத்தான் உடுத்துவேன் என்று நான்கு வயது மகள் பிடிவாதம் பிடித்தாள். புழுதியை நினைத்து நான் தயங்கினாலும் விட்டுவிட்டேன். உள்ளே நுழைந்த சற்று நேரத்தில் அரசியின் பரிவாரம் எதிரே வந்தது. அரசியாக நடித்த பெண்மணி மகளின் முன்னே முழங்காலை மடக்கி, பாவாடையின் சரிகைக் கரையைத் தொட்டுப் பார்த்து, எந்த நாட்டு இளவரசி என்று விசாரித்தார். "மதுரை" என்றாள் மகள், சற்றும் தயங்காமல். நெடுந்தூரம் கடந்து வந்திருக்கும் மதுரை இளவரசிக்கு எங்கள் அரசவையின் வரவேற்பு என்று அவர் உரக்க அறிவிக்க, சுற்றிலும் நின்றவர்கள் தலைவணங்கினார்கள். பள்ளியிலும் பூங்காவிலும் தன் உடையையும் உணவையும் பற்றி விளக்கம் சொல்லியே பழகிய குழந்தைக்கு, விளக்கமே தேவைப்படாத ஒரு மரியாதை அன்று கிடைத்தது. அதைக் காண்பதற்காகவே எத்தனை மைலும் போகலாம்.

அத்தையின் மனத்தைப் பிடித்தவை ராட்டினங்கள். அங்கே சிறுவர் ராட்டினங்களையும் ஊஞ்சல் கப்பலையும் மின்சாரமின்றி ஆட்களே தள்ளிச் சுழற்றுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் கையால் சுற்றிவிடும் குடைராட்டினத்தைப் போலவே இருக்கிறது என்று பேரனை அழைத்துக் காட்டி, அவர் தம் இளமைக்கால மதுரையை விவரிக்கத் தொடங்கிவிட்டார். வீட்டில் எத்தனை முறை சொல்லியும் செவிகொடுக்காத ஏழு வயது மகன், அன்று அப்பத்தாவின் கையை விடாமல் கேட்டுக்கொண்டு நடந்தான்.

மெழுகுவர்த்தி செய்யும் கடையில் பிள்ளைகள் நெடுநேரம் நின்றார்கள். திரிநூலை உருகிய மெழுகில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மீண்டும் முக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நூலளவே பருமன் கூடுகிறது. அவசரப்பட்டு நெடுநேரம் முக்கி வைத்தால் முன்பு படிந்த மெழுகும் உருகிக் கரைந்துவிடும். பொறுமை என்பதைப் பற்றி நான் சொல்லியிருக்கக்கூடிய எதையும்விட அது பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கியது.

வீரர்கள் குதிரையேறி மோதும் ஈட்டிப் போர்க்களத்தின் ஆரவாரம் சிறு பிள்ளைகளை மிரட்டக்கூடும். ஆகவே ஓர வரிசையில் அமர்வது நல்லது. அக்டோபர் வெயில் கடுமையானது, நவம்பர் இதமானது. சில மேடை நிகழ்ச்சிகள் பெரியவர்களுக்கு மட்டுமானவை என்பதால், நிகழ்ச்சி நிரலை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருவிழாவின் அடையாளமாகவே ஆகிவிட்ட வான்கோழிக் காலைச் சுவைத்துக்கொண்டே, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியும் இதைத்தான் சாப்பிட்டாரா என்று மகன் கேட்டான். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை, அந்த நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குப் போனது என்றும், அதே கண்டத்து மிளகாயைப் போர்த்துகீசியர் நம் பக்கம் கொண்டுவந்தார்கள் என்றும் கணவர் விளக்கினார். ஹென்றி அரியணை ஏறிய அதே 1509இல் விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயரும் முடிசூடினார் என்பதைக் கேட்டதும் மகனின் கண்கள் விரிந்தன. திருவிழா காட்டும் ஐரோப்பா அழகானது. ஆனால், அதன் கப்பல்கள் எங்கெல்லாம் போயின, அங்கிருந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அது பேசுவதில்லை. அந்தப் பகுதியைப் பெற்றோர்தான் சொல்லித்தர வேண்டும், குழந்தை கேட்கும் அளவுக்கு, கேட்கும் நேரத்தில்.

திரும்பும் வழியில் மகன் ஒரே கேள்வியைச் சுற்றிச்சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்: கிருஷ்ணதேவராயருக்கு ஏன் இப்படி ஓர் ஊர் இல்லை? அந்தக் கேள்வியைத் தமிழ்ப் பள்ளிக் கூட்டத்தில் சொன்னபோது, பெற்றோர் சிலர் உடனே முன்வந்தார்கள். வரும் ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியைச் சுருக்கிக்கொண்டு, கைத்தொழில்களுக்கு ஒரு கூடத்தையே ஒதுக்குவதாக முடிவாகியிருக்கிறது. பூத்தொடுக்க அத்தை இருக்கிறார்; பம்பரம் விட, கோலமிட, உரலில் மாவிடிக்க ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். பனையோலை முடையத் தெரிந்தவர் ஒருவரை ஹூஸ்டன் முழுவதும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.