நான்காம் மாடி கமிய்

பாரிசுக்கு வந்து மூன்றாம் மாதம். தபால்பெட்டிக்குள் ஒரு துண்டுக் கடிதம் கிடந்தது. "உங்கள் பார்சலை வாங்கி வைத்திருக்கிறேன். நான்காம் மாடி, கமிய்." Camille என்று எழுதியிருந்த அந்தப் பெயரை நான் 'கமில்லே' என்றுதான் வாசித்தேன்; பிரெஞ்சில் அது 'கமிய்'.

நன்றி எழுத உட்கார்ந்தால் முதல் சொல்லே ஓடவில்லை. 'அன்புள்ள' என்பதைப் பிரெஞ்சில் ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு இன்னொரு விதமாகவும் எழுத வேண்டும். வாயால் சொன்னால் இரண்டும் 'ஷேர்'தான். தமிழில் 'அவர்' என்று எழுதினால் யாருக்கும் பொருந்தும்; எங்கள் ஊரில் மணி என்ற பெயரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் அண்ணையிடம், கமிய் ஆணா பெண்ணா என்று கேட்டேன். "அது ரெண்டு பேருக்கும் வைக்கிற பேர் தம்பி. மேல போய்ப் பாரும்" என்றார்.

சரி என்று போனேன். கதவைத் திறந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா, ஓய்வுபெற்ற தாதி. கோப்பி ஊற்றித் தந்துவிட்டுத் தன் பெயரின் கதையைச் சொன்னார். பழைய ரோமில் பூசைக்கு உதவும் சிறுவன் 'கமில்லுஸ்', சிறுமி 'கமில்லா'. தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளைத்தான் அதற்கு எடுப்பார்களாம். எங்கள் கலியாண வீட்டில் ஆரத்திக்குச் சுமங்கலிகளைத் தேடுவது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. பிரெஞ்சு வாயில் இரண்டு சொல்லின் வாலும் தேய்ந்து ஒரே பெயராகிவிட்டது.

அவருடைய தாத்தாவும் கமிய்தான். 1789 ஜூலை 12 அன்று பலே றுவயால் தோட்டத்தில் மக்களை ஆயுதம் ஏந்த அழைத்த பிரெஞ்சுப் புரட்சிக்காரர் தெமுலன், இசையமைப்பாளர் சென்-சோன்ஸ், ஓவியர் பிசாரோ எல்லாரும் கமிய் என்ற ஆண்கள். சிற்பி குளோதெல் பெண். 1990களில் பிறந்த கமிய்களில் பெண்களே அதிகம்.

1803இல் வந்த சட்டம் பிள்ளைகளுக்கு நாட்காட்டியில் உள்ள புனிதர்களின் பெயரையோ பழைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயரையோதான் வைக்கச் சொன்னது. பெற்றோருக்கு விரும்பிய பெயரை வைக்கும் சுதந்திரம் 1993இல்தான் கிடைத்தது. நாட்காட்டியில் இருக்கும் கமிய், நோயாளிகளைப் பராமரித்த இத்தாலியப் பாதிரியார். நோயாளிகளுக்கும் தாதிகளுக்கும் காவலர். இதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் மாறியது. நாற்பது வருடம் இரவு வேலை பார்த்தவர்.

அந்தப் புனிதரின் நாள் ஜூலை 14. ஊரே தேசிய விழா வாணவேடிக்கைக்குக் கிளம்பிய மாலையில் நான் நான்காம் மாடிக்கு ஏறினேன். கையில் வடைப் பொட்டலம், அதன் மேல் பெண்ணுக்குரிய எழுத்தில் 'ஷேர் கமிய்'.