பிட்ஸ்பர்க்கிலிருந்து வாஷிங்டன் வரை: தனியாகச் சைக்கிளில் 538 கி.மீ.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், மொனாங்கஹீலாவும் அலெகெனியும் கூடி ஒஹையோ ஆறாகும் முனையில் ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே மிதிக்கத் தொடங்கினால், ஊர்களுக்குள் சில தெருக்கள் தவிர மோட்டார் வண்டிகளின் நெருக்கடியே இல்லாமல் வாஷிங்டன் போய்ச் சேரலாம். முதல் 150 மைல் ‘கிரேட் அலெகெனி பாசேஜ்’. அது மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்தில் முடிகிறது. அங்கிருந்து 184.5 மைல் ‘செசபீக் அண்ட் ஒஹையோ’ கால்வாயின் கரையோரம். ஆக மொத்தம் 334.5 மைல், ஏறக்குறைய 538 கி.மீ.

வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு குணமுள்ள பாதைகள். முதலாவது, ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். அடியில் ஜல்லி, ஓரத்தில் வடிகால், மேலே சுண்ணாம்புக்கல் தூள். மழை விட்ட சில மணி நேரத்தில் பழையபடி ஓட்டலாம். இரண்டாவது, கோவேறு கழுதைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துக்கொண்டு நடந்த மண்கரை. கால்வாய் நீர் கசிந்துவிடாதபடி களிமண் போட்டுக் கட்டியது. தண்ணீரைப் பிடித்துவைக்கக் கட்டிய கரை மழைத் தண்ணீரையும் பிடித்துத்தான் வைக்கும். அண்மை ஆண்டுகளில் பல பகுதிகளுக்குப் புதிதாகக் கல்தூள் போட்டிருக்கிறார்கள், அங்கெல்லாம் நிம்மதி. மற்ற இடங்களில் இரண்டு சக்கரத் தடம், நடுவே புல், தடத்தில் குட்டை, குட்டைக்குள் மரவேர். ரயில் தடத்தில் ஒரு நாளைக்கு 95 கி.மீ. சுலபமாகப் போகிறவர், நனைந்த கால்வாய்க் கரையில் 60 போனாலே நல்ல நாள். மொத்தத் தூரத்தை நாட்களால் சமமாக வகுத்துத் திட்டம் போடுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது? பிட்ஸ்பர்க்கிலிருந்து என்பேன். ஆற்றங்கரையில் சுமார் 220 மீட்டர் உயரத்தில் தொடங்கும் பாதை, 200 கி.மீ. தள்ளி 729 மீட்டரில் ‘கிழக்குக் கண்ட நீர்ப்பிரிமேட்டை’த் தொடுகிறது (மழைநீர் இரு பக்கமாகப் பிரிந்து ஓடும் முகடு). சராசரிச் சரிவு கால் சதவீதம். ஏறுகிறோம் என்றே தெரியாது. மேட்டின் மறுபக்கம் கம்பர்லாந்து வரை 38 கி.மீ.யில் அந்த உயரம் முழுவதும் இறங்கிவிடுகிறது. வாஷிங்டனிலிருந்து வருகிறவருக்கு இதுவே 38 கி.மீ. விடாத ஏற்றம்.

சுமையோடு போகும் தனிப் பயணிக்கு எட்டு நாள் வசதியாக இருக்கும். முதல் நாள் கான்னெல்ஸ்வில், சுமார் 100 கி.மீ. இரண்டாம் நாள் ஒஹையோபைல், கன்ஃப்ளுயன்ஸ் வழியாக ராக்வுட், 70. மூன்றாம் நாள் மேயர்ஸ்டேல், நீர்ப்பிரிமேடு, ஃப்ராஸ்ட்பர்க் தாண்டிக் கம்பர்லாந்து, மறுபடியும் 70. அதற்குப் பிறகு லிட்டில் ஆர்லியன்ஸ் 70, வில்லியம்ஸ்போர்ட் 67, ஹார்ப்பர்ஸ் ஃபெரி 62, டர்ட்டில் ரன் முகாமிடம் 42, கடைசி நாள் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதி 55. ஏழாம் நாளைக் குறைத்து வைத்திருப்பது வேண்டுமென்றேதான். முன்பே மழை பெய்து தாமதமாகியிருந்தால் அந்த நாள் ஈடுகட்டும்.

சைக்கிளைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியம் டயரும் அதைச் சுற்றியுள்ள இடைவெளியும். 38 முதல் 45 மி.மீ. அகலம் போதும், ஆழமான பட்டன்கள் தேவையில்லை. 42 மி.மீ. டயரில், ஓட்டுபவரும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்றால், காற்றழுத்தம் பின்னால் 45, முன்னால் 38 பிஎஸ்ஐ. சேற்றுப் பகுதியில் ஐந்து பிஎஸ்ஐ குறைத்துக்கொள்ளலாம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே 12 மி.மீ.யாவது இடைவெளி இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கால்வாய்க் களிமண் இலைச்சருகோடு சேர்ந்து உள்ளே இறுகிவிடும். பின்சக்கரம் இறுகினால் வண்டி நின்றுவிடும். முன்சக்கரம் இறுகினால் ஆளைத் தூக்கி எறியும். இடைவெளி போதாத வண்டியாக இருந்தால், வானிலையைப் பார்த்துவிட்டு முன் மட்கார்டைக் கம்பர்லாந்திலேயே கழற்றிவிடுவது நல்லது.

சுண்ணாம்புத் தூள் காய்ந்திருக்கும்போது வெறும் தூசி. நனைந்தால் அரைக்கும் பசை. செயினில் கனமான எண்ணெய் போட்டால் அந்தப் பசை ஒட்டிக்கொண்டு இரண்டே நாளில் கரகரக்கும். மெழுகு வகை லூப்ரிகண்ட் போட்டு, தினமும் மாலையில் துணியால் துடைத்து, இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டால் போதும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால் ஒரே மழை நாளில் ரப்பர் கட்டைகள் பாதி தேய்ந்துவிடும். எந்த வகை பிரேக்கானாலும் மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். கேரியர் போல்ட்டுகள் அதிர்விலேயே கழன்று விழும். புறப்படும் முன் நீல நிறத் திருகுப்பசை போட்டு முறுக்கி, தினமும் காலையில் ஆலன் கீயால் ஒரு சுற்று பார்க்க வேண்டும். இவை தவிர: ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், செயின் இணைப்பு இரண்டு, சரியான அளவில் ஸ்போக்ஸ் மூன்று, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று, பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் பத்து. அந்த ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும். வழியில் உள்ள சிற்றூர்க் கடைகளில் உங்கள் வண்டிக்குப் பொருந்துவது கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

மொத்தச் சுமை 14 கிலோவைத் தாண்ட வேண்டாம். காரணம் ஏற்றம் அல்ல, மரங்கள். புயலுக்குப் பிறகு கால்வாய்க் கரையில் மரம் விழுந்து கிடப்பது சகஜம். இருவர் போனால் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிடலாம். தனியாள் பைகளைக் கழற்றி அந்தப் பக்கம் வைத்து, வண்டியைத் தூக்கிவைத்து, மறுபடி மாட்ட வேண்டும். ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊருக்குள் போகும் பாலத்துக்கும் படிக்கட்டுதான். ஆகவே ஒரே இழுப்பில் கழலும் கொக்கியுள்ள பக்கப்பைகள் இரண்டு, மேலே சுருட்டிக் கட்டிய ஒரு மூட்டை. அதற்கு மேல் எதுவும் தொங்கக் கூடாது.

ரயில் தடத்தில் பார்க்கவேண்டியவற்றில் மேயர்ஸ்டேலுக்கு முன் வரும் சாலிஸ்பரி பாலம் முதன்மையானது: 582 மீட்டர் நீளம், கீழே ஆறும் நெடுஞ்சாலையும். நீர்ப்பிரிமேட்டைத் தாண்டியதும் பிக் சாவேஜ் சுரங்கம், ஏறக்குறைய ஒரு கி.மீ. உள்ளே விளக்கு உண்டு, கோடையிலும் குளிரும். குளிர்காலத்தில், ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, உறைபனி சுவரைச் சிதைக்காமலிருக்க அதன் கதவுகளை மூடிவிடுவார்கள். அப்போது மலைச்சாலை வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். சுரங்கத்தைத் தாண்டிய இறக்கத்தில் வேகம் தானாக ஏறும். சாலை குறுக்கிடும் இடங்களில் கல்தூள் தளர்ந்து கிடக்கும். வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் சறுக்கும். வண்டியை நேராக்கி, வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள். இன்னும் கீழே பிரஷ் சுரங்கத்தில் சுற்றுலா ரயிலும் ஓடுகிறது. ரயில் வருகிறதென்றால் வெளியே நின்று, அது போன பிறகு நுழைவதே சரி.

கால்வாய்க்கு வருவோம். 1828 ஜூலை 4 அன்று தொடங்கி, கம்பர்லாந்தை எட்ட 1850 ஆகிவிட்டது. அதே நாளில் பால்டிமோரில் அடிக்கல் நாட்டிய ரயில் பாதை எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன. இதன்மேல் மோட்டார் சாலை போடும் யோசனை வந்தபோது, உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் 1954இல் அதை எதிர்த்துக் கரை நெடுக ஒரு நடைப்பயணம் கிளப்பினார். 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. 74 நீர்ப்பூட்டுகள் படகுகளைப் படிப்படியாகச் சுமார் 184 மீட்டர் ஏற்றி இறக்கின. சைக்கிளில் போகிறவருக்கு இது நேராகவே தெரியும்: நீர்ப்பூட்டு வரும் இடத்தில் இரண்டு, இரண்டரை மீட்டர் குட்டி இறக்கம், அடுத்தது வரும்வரை முழுச் சமதளம். சமதளத்தில் மிதிக்காமல் உருள வழியில்லை. ஆறேழு மணி நேரம் ஒரே இருப்பில் மிதிப்பதால் முழங்காலை விடப் புட்டமும் உள்ளங்கையும்தான் முதலில் முறையிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள்.

கம்பர்லாந்திலிருந்து ஹான்காக் வரை 97 கி.மீ. ஆளரவம் குறைவான பகுதி. கடைகள் மிகச் சில, கைபேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது. ஒன்றரை நாள் உணவும் மூன்று லிட்டர் தண்ணீரும் வேண்டும். நடுவே, ஜார்ஜ்டவுனிலிருந்து எண்ணினால் 155ஆம் மைலில், பாபா சுரங்கம்: 950 மீட்டர், விளக்கே கிடையாது. நடைபாதை குறுகல், பள்ளமேடு, மேலிருந்து நீர் சொட்டும், ஒருபக்கம் மரக் கைப்பிடி, அதற்கப்பால் கால்வாய். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். ஹாண்டில்பார் விளக்கை விட நெற்றி விளக்கு நல்லது. பார்வை போகும் இடத்துக்கு வெளிச்சமும் போகும்.

லிட்டில் ஆர்லியன்ஸ் அருகே தொடங்கிப் பிக் பூல் வரை, பக்கத்திலேயே வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் தடம் தார் போட்டுக் கிடக்கிறது. நடுவில் ஒரு பழைய சுரங்கத்தருகே மட்டும் சிறிது தூரம் கரைக்கு இறங்கி ஏற வேண்டும். மழை நாளில் இது பெரிய வரம். கரையிலேயே முழுவதும் ஓட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தை அன்று ஒதுக்கிவைக்கலாம்.

கரை நெடுக முப்பது போலச் சைக்கிள், நடைப் பயணிகளுக்கான முகாமிடங்கள் உண்டு. கட்டணமில்லை, முன்பதிவில்லை, ஓர் இடத்தில் ஓர் இரவு. மேசை, நெருப்பு வளையம், கழிப்பறை, கைப்பம்பு. பம்பு நீரில் அயோடின் கலப்பதால் வாடை அடிக்கும். கரித்துண்டு உள்ள வடிகட்டி வைத்திருந்தால் குறையும். பரிசோதனையில் தேறாத பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள், குளிர்காலத்தில் எல்லாவற்றையுமே. எனவே அடுத்த முகாமிடம் வரைக்கும் தாங்கும் தண்ணீர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். குப்பைத் தொட்டி எங்கும் கிடையாது; கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உணவை உயரக் கட்டித் தொங்கவிடுங்கள், ரக்கூன்கள் ஜிப்பையே திறக்கும். மாலையில் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி பார்க்க வேண்டும். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் இங்கே உண்மையான ஆபத்து. உண்ணியைத் தோலோடு ஒட்டிச் சிமிட்டாவால் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம்.

சைக்கிளில் மணி கட்டாயம். வேக வரம்பு மணிக்கு 15 மைல். கால்வாயை ஆற்றின்மேல் தூக்கிச் சென்ற கல் நீர்ப்பாலங்களில் இறங்கித் தள்ளிப் போக வேண்டும். 42ஆம் மைலில் உள்ள மொனாக்கசி நீர்ப்பாலம், ஏழு வளைவுகளோடு, அவற்றில் மிகப் பெரியது. ஒவ்வொரு மைலிலும் நடப்பட்ட கட்டைகளில் எண் இருக்கும். ஜார்ஜ்டவுனிலிருந்து எண்ணியது. தனியாகப் போகிறவருக்கு அதுதான் முகவரி. அடிபட்டு உதவிக்கு அழைத்தால் முதலில் சொல்ல வேண்டியது கடைசியாகக் கண்ட எண். வீட்டாருக்கும் தினமும் அதையே அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் மைலருகே ‘ஃப்ளெச்சர்ஸ் கோவ்’ என்னும் இடத்திலிருந்து ஜார்ஜ்டவுன் வரை பக்கத்திலேயே தார்ப்பாதை உண்டு. ஆனால் பூஜ்ஜியம் எண்ணிட்ட கட்டையைப் பார்க்க நினைப்பவர் கடைசியில் கவனமாக இருக்க வேண்டும். ஊருக்குள் கால்வாய் ராக் கிரீக் ஓடையில் கலந்ததும் பாதை முடிந்ததுபோலத் தோன்றும். ஓடையோரமாகவே பொடோமாக் ஆறு வரை இறங்கி, தாம்சன் படகு நிலையத்தின் பின்புறம் போனால், கட்டை அங்கே நிற்கிறது. யூனியன் ஸ்டேஷனுக்கு இன்னும் நான்கைந்து கி.மீ. ஆம்ட்ராக் ரயிலில் சைக்கிளுக்கு இடங்கள் சொற்பம், முன்பதிவு தேவை. பைகளைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும். பிட்ஸ்பர்க் திரும்பும் ரயில் நள்ளிரவை ஒட்டித்தான் போய்ச் சேரும் என்பதால், அங்கே தங்குமிடத்தை முன்பே சொல்லிவைத்திருங்கள்.