நான் பயப்படுகிற நாளில்

குளிக்கும்போதுதான் இடது மார்பில் அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதான், ஒன்றும் இல்லை" என்றார். ஸ்கேன் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்கு வேண்டியிருந்த பதிலும் அதுதான். ஆறு மாதம் போய்விட்டது. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இதை வாசிக்கிற சகோதரிகள் யாருக்காவது அப்படி ஒன்று தட்டுப்பட்டால், வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அப்போது எனக்கு 46 வயது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் ஒரு சிற்றூர். பள்ளிக்கூட டீச்சர், ஞாயிறு பள்ளியிலும் இருபது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். எத்தனையோ நோயாளிகள் வீட்டுக்குப் பெண்கள் சங்கத்தோடு போய், "பயப்படாதிருங்கள், கர்த்தர் இருக்கிறார்" என்று சொல்லி ஜெபித்திருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தபின் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு மதினி, என் அண்ணன் மனைவி. மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம், பிறகு ஊசி போட்டுக் கட்டியில் துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி. ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

மொத்தச் சிகிச்சையிலும் எனக்குக் கடினமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான். காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லாட்ஜ் அறை. வெளியே கடைப் பலகைகளில் வங்காள எழுத்து. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அவ்வளவு பேர் அங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். ராத்திரி பக்கத்து அறையில் ஒரு பெண் அழுவது சுவர் வழியாகக் கேட்கும். பாஷை புரியவில்லை, அழுகை புரிந்தது.

மூன்றாம் நாள் இரவு, தூக்கம் வரட்டும் என்று வேதாகமத்தின் 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தேன். சின்னப் பிள்ளையிலிருந்து சொல்வதுதான். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" வரை வந்தது. அடுத்த வார்த்தை "பொல்லாப்புக்குப் பயப்படேன்." நாக்கு எழும்பவில்லை. கடவுளிடம் பொய் சொல்வதுபோல இருந்தது. இருட்டில் உட்கார்ந்து, "மதினி, எனக்குப் பயமா இருக்கு" என்றேன். வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் அதுவரை சொல்லாத வார்த்தை.

மதினி "பயப்படாதே" என்று சொல்லவில்லை. விளக்கைப் போட்டு, வேதாகமத்தைப் புரட்டி, 56-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தை வாசித்தார்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." இதுதான் உனக்கு, இதைச் சொல்லு என்றார்கள்.

பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று அந்தச் சங்கீதத்தின் தலைப்பு சொல்கிறது. மூன்றாம் வசனத்தில் பயம் இருக்கிறது. நாலாம் வசனத்தில் "தேவனை நம்பியிருக்கிறேன், நான் பயப்படேன்" என்று வருகிறது. எழுத்தில் ஒரு வரி தூரம்தான். எனக்கு அது மாதக்கணக்கு. பல நாள் மூன்றாம் வசனத்திலேயே நின்றேன். அங்கே நிற்பதும் விசுவாசம்தான் என்று இப்போது நம்புகிறேன். நம்பிக்கை இல்லாதவன் தன் பயத்தை அவரிடம் கொண்டுபோய்ச் சொல்ல மாட்டானே.

ரிப்போர்ட்டில் புற்று என்றே வந்தது. இரண்டாம் நிலை, ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது உடம்பின் ஹார்மோனால் வளர்கிற வகை. முதலில் கீமோ என்கிற புற்று மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கலாம், பிறகு ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன் என்று டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை வேதாகமத்துக்குள் வைத்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதற்குள் பிரசங்கம் பண்ணுகிற ஒரு ஊழியக்காரர் போனில், மருந்து வேண்டாம், கத்தி வைக்க விடவேண்டாம், அது விசுவாசக் குறைவு என்றார். எனக்குக் கோபம் வந்தது. வேதாகமத்தில், வியாதிப்பட்டு மரணத்துக்கு ஏதுவாயிருந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருடம் ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னாரே! அதைச் சொன்னேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. ஆனால் இப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சிகிச்சையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாலு கீமோவும் சிவப்பு மருந்து, 21 நாளுக்கு ஒருமுறை. சிறுநீர்கூடச் சிவப்பாகப் போகும், முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. பதினாறாம் நாள் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. மொட்டை போட்டுவிட்டேன். ஊருக்கு வந்தபோது பஸ்ஸில் ஒரு அம்மா, "வேளாங்கண்ணிக்கு நேர்ந்தியாம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல் 101. 100.4-ஐத் தாண்டினால் விடியும்வரை காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போனோம். வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏறியது. அந்த இரவு வேர்வையில் படுக்கை நனைந்து கிடந்தபோது, கெத்செமனே தோட்டத்தில் இயேசுவின் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது ஞாபகம் வந்தது. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகிற பாடு, நீங்கட்டும் என்று அவரும் கேட்டார். இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னேன். அன்றுதான் அவர் என் பக்கத்தில் படுத்திருப்பதுபோல இருந்தது. பயம் போகவில்லை, தனிமை போனது.

நாலாவது முடிந்து ஊருக்கு வந்தபோது வாயெல்லாம் புண். எங்கள் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்தார். திராட்சரசம் பட்டால் எரியும் என்று தயங்கினேன். அவர் அப்பத்தை ஓரத்தில் மட்டும் நனைத்து, நாக்கில் புண் இல்லாத இடம் பார்த்து வைத்தார். எத்தனையோ பிரசங்கம் மறந்துவிட்டது, அந்த விரல்கள் மறக்கவில்லை.

அடுத்து வேறொரு கீமோ மருந்து, வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு தடவை, திருநெல்வேலியிலேயே. விரல் நுனி மரத்துப் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் நழுவி விழும். ஆபரேஷனில் மார்பை முழுதாக எடுக்கவில்லை, கட்டியையும் சுற்றுப்பகுதியையும் மட்டும் எடுத்தார்கள். ரேடியேஷன் 15 நாள். காப்பீடு பாதிச் செலவைத் தாங்கியது, மீதிக்கு வளையல் அடகுக்குப் போனது. சங்கத்துப் பெண்கள் முறை போட்டு மாறி மாறிச் சோறு கொண்டுவந்தார்கள்.

சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முந்தின வாரம் பயம் திரும்ப வரும். சபைக் கோயிலில் என் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னபோது இதையும் சேர்த்தே சொன்னேன். சிலருக்கு முகம் வாடியது. ஆனால் ஆராதனை முடிந்ததும் மூன்று பெண்கள் தனித்தனியாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதில் ஒருத்தி எங்கள் தெருக்காரி, ஒரு கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். போன திங்கட்கிழமை நானே அவளைக் கூட்டிப் போய் பயாப்ஸி எடுத்தோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அக்கா, ஜெபம் பண்ணினா பயம் போயிருமா?" என்று கேட்டாள். எனக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு, 56-ஆம் சங்கீதத்தை அவள் போனில் எடுத்துக் கொடுத்தேன். ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரும். அதுவரை தினமும் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவள் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.