குளிரில் மக்காத குப்பை

கொடைக்கானலில் எங்கள் குடும்பம் நடத்தும் தங்கும் விடுதியில் 11 அறைகள். மாமாவும் அத்தையும் தொடங்கியது. இப்போது நானும் என் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். காலைச் சிற்றுண்டி மட்டும் எங்கள் சமையல்.

2024-ல் இங்கே, 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடையும், மீறினால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரியும் வந்தன. அதுவரை அறைக்கு இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பதில் வடிகட்டி வைக்கலாம் என்று விசாரித்தால், வந்த விற்பனைப் பிரதிநிதி ஆர்.ஓ. தவிர வேறு எதையும் பேசவில்லை. வாங்கவும் முடிவு செய்துவிட்டோம். கடைசி நேரத்தில் என் கணவர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தார். உப்பு மிகக் குறைவு. ஆர்.ஓ. என்பது உப்பைப் பிரிக்கும் கருவி. பிரிக்கும்போது நிறையத் தண்ணீரை வெளியே தள்ளும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் நாங்கள் அதைச் செய்யலாமா? எங்களுக்குத் தேவை மண்ணைப் பிடிக்க ஒரு வடிகட்டி, கிருமிக்கு ஒரு யூ.வி. விளக்கு, அவ்வளவுதான். உங்கள் ஊர்த் தண்ணீர் வேறாக இருக்கலாம். பரிசோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள்.

வடிகட்டிய தண்ணீரைச் சமையலறையில் பிடித்துக் கண்ணாடி பாட்டிலில் அறைகளில் வைத்தபோது, தங்க வந்தவர்களில் பாதிப் பேர் தொடவில்லை. கருவியை வரவேற்பறைக்கு மாற்றி, பக்கத்தில் பரிசோதனை முடிவை ஒட்டினோம். கண் முன்னால் தாங்களே பிடித்தால் குடிக்கிறார்கள்.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது சமையலறைக் குப்பைதான். சீசனில் ஒரு நாளைக்கு 12 கிலோ வரை வரும். வெளியே வைத்தால் இரவில் காட்டுமாடு வந்து கவருடன் சேர்த்துத் தின்னும். ஒருமுறை காலையில் அதன் வாயோரம் நீலக் கவர் தொங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கே, இனி இந்த வீட்டுக் குப்பை வாசலைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நான் பிறந்தது மலைக்குக் கீழே, வெயில் ஊரான வத்தலக்குண்டு. அங்கே அம்மா கொல்லையில் குழியில் போடுவதெல்லாம் இரண்டே மாதத்தில் எருவாகிவிடும். அதே நினைப்பில் இங்கே ஆறு பிளாஸ்டிக் வாளிகளில் ஓட்டை போட்டு நிரப்பினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் வாழைப்பழத் தோல் கறுத்திருந்தது, மக்கவில்லை. நாற்றம் வேறு. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்க நேத்து வெச்ச சாம்பாரே கெட மாட்டேங்குது, குப்பை எப்படிம்மா மக்கும்?" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருந்தது. சுமார் 2,100 மீட்டர் உயரம், மார்கழி இரவில் உறைபனி. குப்பையை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் சூட்டைத் தாங்களே உண்டாக்கும். ஆனால் சின்ன வாளியில் அந்தச் சூடு தங்காது, சுற்றியிருக்கும் குளிர் வாங்கிக்கொள்ளும். குவியல் பெரிதாக இருந்தால்தான் நடுவில் சூடு நிற்கும். வாளிகளை ஒதுக்கிவிட்டு, காலை வெயில் விழும் மூலையில் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரத்தில் இரண்டு செங்கல் தொட்டி கட்டினோம். காற்றுக்கு இடைவெளி விட்டு, மேலே தகரம், முன்னால் மாடு முட்டினாலும் அசையாத இரும்புக் கதவு.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். காய்ந்த சருகு வேண்டும் என்று பைன் ஊசியிலையை அள்ளிப் போட்டிருந்தேன். அது எளிதில் மக்காது. அதற்குப் பதில் பேரி மரத்துச் சருகும் தச்சுப் பட்டறை மரத்தூளும் போட்டோம். ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு, நடுநடுவே பால்காரரிடம் வாங்கிய சாணிக் கரைசல். வாரம் ஒருமுறை கிளறல், மேலே ஈரச் சாக்கு.

பத்தாம் நாள் காலை ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, சிறிது நேரம் விட்டு உருவினேன். கையில் பிடிக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. மாமாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அந்தக் குளிரில் அவர் கம்பியை மப்ளரில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

முதல் தொட்டி எருவாக நாலரை மாதம் ஆனது. வத்தலக்குண்டுக் கணக்கு இங்கே செல்லாது. அதனால்தான் இரண்டு தொட்டி. ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றது நிரம்பும்.

குப்பையைக் குறைத்ததில் பெரிய பங்கு அத்தையுடையது. இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு அறைக்கும் போய், "நாளைக்கு இட்லியா பொங்கலா, எத்தனை பேர்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். முன்பெல்லாம் குத்துமதிப்பாக ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டுவோம். இப்போது சீசனிலேயே 7 கிலோவைத் தாண்டுவதில்லை. தொட்டி கட்டும் முன் இதைத்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

துண்டு, படுக்கை விரிப்பைக் கேட்டால் மட்டும் மாற்றுகிறோம். அதில் சிக்கல் எதுவும் வரவில்லை. சூரிய வெந்நீர் பாதி வெற்றிதான். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் மேகம் மூடிவிட்டால் பழைய பாய்லரைத்தான் பற்ற வைக்கிறோம்.

போன மாதம் சலித்த எருவில் இரண்டு மூட்டையை அத்தை ஜெரேனியம் பூந்தொட்டிகளுக்குப் போட்டார், மீதியைப் பக்கத்துக் கேரட் தோட்டத்துக்காரர் எடுத்துப் போனார். மழைக்கு முன் தகரக் கூரையை இன்னும் ஒரு அடி நீட்ட வேண்டும். மேற்குப் பக்கச் சாரல் தொட்டிக்குள் அடிக்கிறது.