வலிக்கவில்லை என்பதால் விட்டுவிட வேண்டாம்

"வலியே இல்லை, வெறும் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும்." மார்பில் கட்டி தென்பட்ட பெண்களில் பலர் முதலில் தமக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலித்திருந்தால் எத்தனையோ பெண்கள் மறுநாளே மருத்துவரிடம் போயிருப்பார்கள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், 98,000 பேர் இதனால் இறந்தனர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணிப்புகள் கூறுகின்றன. இந்த இறப்புகளில் கணிசமானவற்றுக்கு, முற்றிய நிலையில் சிகிச்சைக்கு வருவதே காரணம்.

சென்ற ஆண்டு எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த முகாமில், செவிலியர் ஒருவர் ரப்பரால் செய்த மார்பக மாதிரியை மேசையில் வைத்து, அதனுள் எங்கெங்கே கட்டிகள் இருக்கின்றன என்று பெண்களையே தேடச் சொன்னார். எல்லோரும் விரல் நுனியால் குத்திக் குத்திப் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. நடு மூன்று விரல்களையும் சேர்த்து, நுனியை விட்டு அவற்றின் சதைப்பகுதியால், முதலில் மெதுவாகவும் பிறகு சற்று அழுத்தியும் சிறு வட்டமாகத் தடவச் சொன்னபோதுதான், ஆழத்தில் பட்டாணி அளவில் ஒன்று நகராமல் நின்றது கைக்குத் தெரிந்தது. காரை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரையிலும், அங்கிருந்து அக்குள் வரையிலும் விடாமல் பார்க்க வேண்டும் என்றார் அவர். மார்பின் வெளிப்புற மேல்பகுதியில்தான் புற்றுநோய்க் கட்டிகள் அதிகம் தோன்றுகின்றன. நம்மில் பலரின் கை அங்கே போவதே இல்லை.

மாதவிலக்கு தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதற்கு முன்பு மார்பு கனத்து, நெறிகட்டியதுபோல் இருப்பதால் எதுவும் பிடிபடாது. மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று கைகளை உயர்த்திப் பார்க்கும்போது தோல் குழிவதோ, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தடிப்பதோ, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வதோ, ஆறாத புண்ணோ, தானாக இரத்தம் கலந்த நீர் கசிவதோ தெரிந்தால், கட்டி கைக்கு அகப்படாவிட்டாலும் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

சுயபரிசோதனையை மட்டும் நம்பியிருப்பது சரியன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளில் பணிபுரிந்த சுமார் 2.66 லட்சம் பெண்களைக் கொண்டு 1989இல் தொடங்கிய ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடையே இறப்பு குறையவில்லை. புற்றுநோயல்லாத கட்டிகளுக்காகச் செய்த பயாப்சிகளே, அதாவது திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனைகளே கூடின. மாறாக, மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்ததில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஆகவே, நம் உடலின் வழக்கமான நிலையை நாம் அறிந்து வைத்திருப்பதோடு, பயிற்சி பெற்ற ஒருவரின் சோதனையும் வேண்டும் என்றே நான் இவ்விரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்கிறேன். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு இச்சோதனையை அரசுச் சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள்.

நாள் கடத்துவதற்கு நம்மிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மகள் கல்யாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும், ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது, ஊசி குத்தினால் பரவிவிடுமாமே! கடைசியாகச் சொன்ன அச்சம்தான் அதிகக் கேடு செய்கிறது. ஊசி வழியே திசு எடுப்பதால் நோய் பரவிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அதைச் செய்யாமல் கட்டியின் தன்மையை உறுதியாக அறியவும் முடியாது. இளம்பெண்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா போன்ற சாதாரணக் கட்டிகளே. ஸ்கேனும் ஊசிச் சோதனையும் அதை உறுதிசெய்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம். புற்றுநோயாகவே இருந்தாலும், சிறிதாக இருக்கும்போதே கண்டுகொண்டால் பலருக்கு மார்பை முழுவதும் எடுக்காமல் கட்டியையும் சுற்றியுள்ள திசுவையும் மட்டும் நீக்கி, கதிர்வீச்சு அளிப்பது போதுமானதாகிறது.

செலவை எண்ணித் தயங்குவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடங்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால், முதலில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். பெண் மருத்துவரிடமே காட்ட விரும்புவதாகத் தயங்காமல் கேட்கலாம். கட்டியை எப்போது கவனித்தீர்கள், அதன்பின் வளர்ந்ததா, தாய்வழியிலோ தந்தைவழியிலோ யாருக்காவது மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்று மருத்துவர் கேட்பார். பழைய ஸ்கேன் அறிக்கை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.