அலாரம் அடித்ததா, நின்றதா? ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம், இதுவரை

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் நம் தம்பிகளுக்காக, அன்றாட ஆங்கிலப் பேச்சைத் தமிழில் விளக்கிச் சின்னச் சின்னக் குரல்பதிவுகளாக வாட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் உட்கார்ந்து நேரிலும் பேசிப் பார்ப்போம்.

சாப்பாட்டுக்கடை ஆங்கிலத்துக்கு நான் தேவையே இல்லை. ‘ஹேவிங் ஹியர்?’ என்றால் இங்கேயே சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார்கள். கட்டிக்கொண்டு போக ‘தாபாவ்’ என்றால் போதும். ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. இதெல்லாம் வந்த வேகத்திலேயே வாயில் ஏறிவிடுகிறது.

நேரம் பிடித்தது ‘ஆஃப்’ விவகாரம்தான். லைட் ஆஃப், மெஷின் ஆஃப், ஆஃப் டே என்று எல்லாமே ‘நின்றது’ என்ற அர்த்தத்திலேயே பழகியிருக்கிறது. அப்புறம் ‘ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்’ என்று சூப்பர்வைசர் சொன்னால், அலாரம் நின்றுவிட்டது என்றுதானே தோன்றும்? உண்மையில் அடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேலையிடத்தில் இதை மாற்றிப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒரு ஞாயிறு முழுக்க இதற்கே ஒதுக்கினேன்.

போனில் ஒரு நிமிடத்துக்கு அலாரம் வைத்து நடுவில் வைத்தேன். அடித்ததும் எல்லாரும் சேர்ந்து ‘இட் வென்ட் ஆஃப்’ என்றோம். “அண்ணே, அடிக்கிறதுக்கும் ஆஃப், நிக்கிறதுக்கும் ஆஃப்னா எப்படிண்ணே பிரிக்கிறது?” என்று ஸ்கஃபோல்டிங் (சாரம் கட்டும்) வேலை பார்க்கும் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது, வெடி என்றால் வெடித்தது, லைட் என்றால் அணைந்தது, பால் என்றால் கெட்டது. அந்தந்தப் பொருளோடு சேர்த்தே சொல்லிச் சொல்லிப் பழகினோம். தனியாக ‘கோ ஆஃப்’ என்று எழுதிப் பக்கத்தில் அர்த்தம் எழுதிக்கொள்வதை இப்போது யாரும் செய்வதில்லை. எனக்கு அதில் பெரிய திருப்தி.

‘டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ இன்னும் பாதியில் நிற்கிறது. உட்காரச் சொல்ல ‘நோ’ என்று பதில் சொல்ல வேண்டும். நம் வாயில் ‘யெஸ்’தான் முந்துகிறது. நான் இங்கே உட்காருவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள் என்று விளக்கியபின் புரிகிறது. ஆனாலும் வேகமாகக் கேட்டால் தடுமாற்றம் இருக்கிறது. புரிவது வேறு, வாய் பழகுவது வேறு. இதற்கு ஜோடி ஜோடியாகப் பேச விடுவதைத் தவிர வழி தெரியவில்லை.

அடுத்தது கிளினிக் ஆங்கிலம். ‘பெயின் ஆன் அண்ட் ஆஃப்?’ என்று டாக்டர் கேட்டால் வலி விட்டு விட்டு வருகிறதா என்று கேட்கிறார். மறுபடியும் ‘ஆஃப்’தான். நோயாளியாகப் பேச அதே ஸ்கஃபோல்டிங் தம்பி முன்வந்திருக்கிறார்; டாக்டராக ஒரு பெண் குரல் வேண்டும், அக்காவைக் கேட்டிருக்கிறேன்.