லாய்ட் ஜார்ஜின் கடிதங்களை ஜோடி சேர்க்கிறேன்: ஆறு மாதக் கணக்கு

அதிகாரம் போன பிறகு ஒரு அரசியல்வாதி தன் பழைய சகாக்களுக்கு என்னதான் எழுதுவார்? இந்த ஆர்வத்தில்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் இதைத் தொடங்கினேன். எடுத்துக்கொண்ட ஆள் டேவிட் லாய்ட் ஜார்ஜ். வடக்கு வேல்ஸில் லானஸ்டம்டுவி என்ற கிராமத்தில் செருப்புத் தைக்கும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, வக்கீலாகி, 1916 முதல் 1922 வரை பிரிட்டன் பிரதமராக இருந்தவர். 'ஓய்வு பெற்றவர்' என்று இவரைச் சொன்னால் முறைத்திருப்பார், ஏனென்றால் 1945 வரை எம்.பி.யாகவே இருந்தார். ஆனால் 1922 அக்டோபரில் இறங்கிய பிறகு மறுபடி எந்த மந்திரி நாற்காலியிலும் உட்காரவில்லை, அதனால் என் கணக்கில் அது ஓய்வுதான்.

திட்டம் சுலபமாகத் தெரிந்தது. ஒரு கடிதத்துக்கு ஒரு அட்டை. அவர் எழுதியது நீலம், அவருக்கு வந்தது மஞ்சள். அச்சில் வந்த தொகுப்புகளை நூலகத்தில் எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினால் நீலமும் மஞ்சளும் மாறி மாறி வந்து பேச்சு தானாகக் கேட்கும் என்று நினைத்தேன். முதல் மாதம் முடிந்தபோது மேசை முழுக்க மஞ்சளாகவே கிடந்தது.

காரணம் புரியக் கொஞ்சம் நாளானது, புரிந்ததும் இதுகூடத் தெரியாமலா இறங்கினோம் என்று ஆகிவிட்டது. கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தில்தானே இருக்கும்! லாய்ட் ஜார்ஜின் சொந்தக் காகிதங்கள் லண்டனில் நாடாளுமன்ற ஆவணத் தொகுப்புக்குப் போயின, அதில் அவருக்கு வந்தவைதான் அதிகம். அவர் சர்ச்சிலுக்கு எழுதியதைச் சர்ச்சிலின் காகிதங்களில், அதாவது கேம்பிரிட்ஜில் தேட வேண்டும். போர்க்கால அமைச்சரவையின் செயலாளராக இருந்த ஹேங்கியின் காகிதங்களும் அங்கேதான். ஒரு காலத்தில் இவருடைய தனிச் செயலாளராக இருந்த பிலிப் கெர் என்றால் எடின்பரோ. அமைச்சரவையின் துணைச் செயலாளராக இருந்த தாமஸ் ஜோன்ஸ் என்றால் வேல்ஸில் அபெரிஸ்ட்வித். பக்கத்து வீட்டுக்காரர் போனில் பேசுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பது மாதிரி, எங்கே போனாலும் பாதிப் பேச்சுதான்.

தட்டச்சுக் கடிதங்கள் மட்டும் விதிவிலக்கு, செயலாளர் கார்பன் வைத்து அடித்திருந்தால் நகல் அனுப்பியவர் கோப்பிலேயே தங்கிவிடும். கையால் எழுதியதற்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆக, அலுவல் விஷயம் இரண்டு பக்கமும் கிடைக்கிறது, மனம் விட்டு எழுதியது ஒரு பக்கம்தான் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது இரண்டாவது ரகம்.

மூன்றாம் மாதம் அகலமாகப் போவதை விட்டுவிட்டு ஒரே ஒரு முடிச்சை எடுத்துக்கொண்டேன்: 1940 மே. டன்கிர்க்கில் இருந்து படைகளைக் கப்பலேற்றிக் கொண்டிருந்த அதே நாட்களில் சர்ச்சில் இவரைப் போர் அமைச்சரவைக்குக் கூப்பிடுகிறார், ஆனால் அதே மாதம் பிரதமர் பதவியில் இருந்து இறங்கியிருந்த நெவில் சேம்பர்லினும் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இவர் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு வர முடியாது என்று பதில் எழுதுகிறார். படித்தபோது வெறும் கௌரவப் பிரச்சினையாகத்தான் தெரிந்தது. அப்புறம் பின்னோக்கி அட்டைகளைப் புரட்டினால், 1916 டிசம்பரில் இவர் பிரதமரானதும் சேம்பர்லினைத் தேசிய சேவை இயக்குநராகப் போட்டு, அது சரிவராமல் அவர் சில மாதங்களிலேயே, 1917இல், விலகிய கதை வருகிறது. இருவருக்கும் அன்றிலிருந்தே ஆகாது. 1940 மே 8 அன்று நாடாளுமன்றத்தில் சேம்பர்லின் பதவியைத் தியாகம் செய்யட்டும் என்று எழுந்து பேசியவரும் இவர்தான். இருபத்து மூன்று வருடக் கசப்பு ஒரே கடிதத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இரவு தூங்கப் போக மணி இரண்டு.

அதற்காக இவர் பக்கம் நியாயம் என்று சொல்ல மாட்டேன். 1936இல் தாமஸ் ஜோன்ஸையும் கூட்டிக்கொண்டு போய் ஹிட்லரைப் பார்த்துவிட்டு வந்து புகழ்ந்து எழுதிய மனிதர் இவர். 1940 டிசம்பரில் வாஷிங்டன் தூதராகப் போகச் சொன்னபோதும் வயதைக் காட்டி மறுத்துவிட்டார். அந்த இடம் காலியானதே அங்கே தூதராக இருந்த பிலிப் கெர் இறந்ததால்தான். என்னிடம் இருந்த கெர் அட்டைகளும் அதோடு நின்றன.

நான்காம் மாதம் அபெரிஸ்ட்வித் பயணம். கார்டிஃபில் இருந்து ரயிலில் போனால் இங்கிலாந்துக்குள் நுழைந்து ஷ்ரூஸ்பரியில் மாறி மறுபடி வேல்ஸுக்குள் வர வேண்டும், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. தேசிய நூலகம் மலை மேல் இருக்கிறது, ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. படிக்கும் அறையில் பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி. நான் போனது தம்பி வில்லியம் ஜார்ஜின் காகிதங்களுக்காக. தம்பியைச் 'சகா' கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம்: இருவரும் ஒரே வக்கீல் அலுவலகத்தின் பங்காளிகள். எம்.பி.க்களுக்கு 1911 வரை சம்பளம் கிடையாது (அதைக் கொண்டுவந்ததும் நிதியமைச்சராக இருந்த அண்ணன்தான்), அதுவரை அலுவலகத்தைத் தம்பி ஓட்டியதால்தான் அண்ணனால் அரசியல் செய்ய முடிந்தது. தம்பி 101 வயது வரை இருந்தார்.

இந்தக் குடும்பத்துக் கடிதங்களில் ஆங்கிலத்துக்கு நடுவே வெல்ஷ் வந்துவிடும் என்பதால் முன்கூட்டியே இரண்டு மாதம் வெல்ஷ் படித்திருந்தேன். அந்த மொழியில் சொல்லின் முதலெழுத்தே மாறும். 'பிரௌட்' என்றால் சகோதரன், 'என் சகோதரன்' என்றால் 'வ ம்ரௌட்'. தமிழில் சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவது நமக்குப் பழக்கம்தான், ஆனாலும் அகராதியில் மகர வரிசையில் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, அப்படி ஒரு சொல்லே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

இன்னொரு சொதப்பல், தேதி இல்லாமல் கிழமை மட்டும் போட்ட கடிதங்களைத் தாளில் அச்சடித்த முகவரியை நம்பி வருடம் போட்டு அடுக்கியது. மனிதர்கள் வீட்டுத் தாளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. பதினோரு அட்டைகளைப் பிரித்து மறுபடி அடுக்கினேன். இப்போது பழைய நாட்காட்டியில் கிழமை ஒத்துவராத எதற்கும் வருடம் எழுதுவதில்லை.

இன்றைய நிலவரம்: மொத்தம் 214 அட்டைகள், முழுதாக ஜோடி சேர்ந்தவை 37. லாய்ட் ஜார்ஜ் தன் போர் நினைவுகளை 1933 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டபோது அச்சுப் படிகளை ஹேங்கிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறார். அந்தப் பகுதியில் நீலம் பெருகும் என்று எதிர்பார்க்கிறேன், அதனால் அடுத்தது கேம்பிரிட்ஜ். மஞ்சள் அட்டை மட்டும் தீர்ந்துவிட்டது, கடையில் அந்த நிறம் இல்லையாம், ஹேங்கிக்குப் பச்சை வாங்கி வைத்திருக்கிறேன்.